மைக்கில் சொல்லாத ஊர்

இந்த அமெரிக்காவில் தோற்கிறவனுக்கும் மைக்கில் பெயர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த டைலர் என்கிற பையன் பேஸ்பால் ஆடுகிறவன். பெரிய லீகில் அல்ல. அதற்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள் இருக்கின்றன. நடுப்படி ஒன்றில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தான். பாதி நாள் பஸ்ஸிலேயே தூக்கம், பாதி நாள் வெறும் ரொட்டி. ஆனாலும் அவன் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் அவன் பெயரையும், சோளக்காட்டு நடுவே கிடக்கும் அவன் குக்கிராமத்தின் பெயரையும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

நானும் ஆடினவன்தான். எழுபதுகளில் வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் ஃபுட்பால் டீமில் தொடங்கினேன். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா செடிகளைக் கவாத்து வெட்டினார். அங்கிருந்து டவுன் கிளப், அப்புறம் பாலக்காட்டுக்குக் கிழக்கே செவன்ஸ். அறுத்த வயலில் ஓலைத் தட்டி மறைத்து, மூங்கில் கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் ஆட்டம். டீம்கள் வெளியூர் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து வரும். கல்கத்தா ஆள் என்றால் கூட்டம் முண்டியடிக்கும். தமிழ் பேசும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்னை வரவழைத்த கிளப் மேனேஜர் பழனிச்சாமி அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க பாரு கண்ணு, நீ இனிமே கல்கத்தா பாபு. கெரவுண்டுல வாயத் தொறக்கப்படாது. எஸ்டேட்டுப் பையன் ஆடறான்னா எவன் டிக்கெட்டு வாங்குவான்?"

ஜீப்பில் மைக் கட்டி அந்தப் பெயரை ஊர் ஊராகக் கத்தினார்கள். அந்தோணிசாமியாகிய நான் ஊமையானேன். கேலரியிலிருந்து தமிழில் புகழ்ந்தார்கள், தமிழிலேயே என் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். மரம் மாதிரி நின்றேன். எல்லாம் ஒரு நப்பாசைதான். கோயம்புத்தூர் மில் டீம் ஏதாவது என்னை எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை, மலையை விட்டு இறங்கிவிடலாம்.

ஒரு சாயங்காலம் மில் டீமுக்கு ஆள் பொறுக்குகிறவர் வந்தே விட்டார். அன்றைக்கு ஜெயித்த கோல் என்னுடையது. ஆட்டம் முடிந்ததும் என் எதிரிலேயே அண்ணனிடம் சொன்னார்.

"ஏனுங்க, இந்தப் பையன் நம்ம பக்கத்து ஆளா இருந்தா நாளைக்கே மில்லுல சேத்துக்குவேனுங்க. கல்கத்தாக்காரனுக்கு வேல குடுக்க மொதலாளி ஒத்துக்க மாட்டாருங்க."

"ஆமாங்க, அவனும் ரயிலேறப் போறானுங்க" என்று அண்ணன் சிரித்தார். அவர் கை என் தோளை நெரித்தது. சுற்றிலும் டிக்கெட் வாங்கின கூட்டம். உண்மை தெரிந்தால் கேலரியைக் கொளுத்திவிடுவார்கள். ஆனாலும் மனசு பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு அவர் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நான் தமிழ்தான் சார். வண்டிப்பெரியாரு எஸ்டேட்டு. அவுகதான் பேசக்கூடாதுன்னாக."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இத்தன நேரம் ஊமையாட்ட நின்னு ஊரையே ஏமாத்திப்போட்டு இப்ப வேல கேக்கறயா? போடா!"

பஸ் ஏறிப் போய்விட்டார். ஏமாற்றிய அண்ணனுக்கு மறுநாளும் கேலரி நிறைந்தது. பித்தலாட்டக்காரன் பட்டம் மட்டும் எனக்கு. அடுத்த வருடம் முழங்கால் போயிற்று. கடைசியில், நர்ஸ் வேலை கிடைத்த என் மனைவி ரோஸியின் பின்னால் நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

போன வாரம் டைலரை டீமிலிருந்து தூக்கிவிட்டார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். தேற்றுவதாக நினைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் கதையைச் சொன்னேன். என்ன விளங்கியதோ, "கல்கத்தாவில் நீங்கள் ஸ்டாரா!" என்று கட்டிக்கொண்டான். அழுகிறவனிடம் போய் என்னத்தைத் திருத்துவது? ஊருக்குக் கிளம்பும்போது அந்த டீமின் சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனான்.

போனோம். டைலர் சொல்லி வைத்திருப்பான் போல, இடைவேளையில் மைக் என் பெயரைச் சொன்னது. அந்தோணிசாமி, பழைய ஆட்டக்காரர், எல்லோரும் கைதட்டுங்கள் என்றது. ஒரு மைதானத்து மைக்கில் என் சொந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எழுந்தேன். அடுத்து ஊரையும் சொன்னார்கள். கல்கத்தா, இந்தியா.

கைதட்டல் அடங்கவில்லை. ரோஸி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வண்டிப்பெரியாருன்னு சொல்லுங்களேன், ஏன் சும்மா நிக்கிறீக?"

கையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை.