இரண்டு ரகச் சோளமும் அரை வயல் யூரியாவும்

கோதுமை அறுத்த கையோடு மக்காச்சோளம் விதைத்துவிடுவது சீனாவின் ஹெனான் பக்கத்து வழக்கம். அந்த ஜூன் மாதம் லூ யின்ஹுவா விதைப்பு மெஷினில் இரண்டு பை விதையைக் கொட்டிக் கையாலேயே கலந்தாள். ஒன்று உயரமாக வளர்ந்து நாலைந்து நாள் தாமதமாகப் பூக்கிற ரகம். மற்றது குட்டை, முந்திப் பூக்கும்.

பக்கத்து வயல்காரன் ஃபான் வூலின் வரப்பில் நின்று சிரித்தான். “என்ன அண்ணி, பை கிழிஞ்சுபோச்சா?”

“நான்தான் கலந்தேன். போன வருஷம் உன் ரகச் சோளமும் என் ரகச் சோளமும் ஒட்டி நின்ன வரிசையில கதிரெல்லாம் நுனிவரைக்கும் மணி பிடிச்சிருந்துச்சே, பாக்கலியா?”

“உன் கதிரைப் பாக்கிறதா எனக்கு வேலை?”

வேரையும் அவள் பிடுங்கிப் பார்த்திருந்தாள். உயரமானது ஆழத்தில் இறங்கியிருந்தது, குட்டை மேலாகவே பரவியிருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல் உரத்தை எடுக்கும், அதனால் மேலுரமாகப் போடும் யூரியா பாதி போதும் என்றாள். கணவன் டெச்சாங்குக்கு அது பொறுக்கவில்லை.

“நம்ம பையனுக்குச் சோத்தைக் குறைச்சியா? சோளத்துக்கு மட்டும் ஏன் குறைக்கிற?”

“பையன் தின்னது போக மிச்சம் தட்டுல இருந்துச்சு. உரம் மிஞ்சினா கரைஞ்சு கிணத்துக்குல்ல போகுது.”

ஜூலையில் அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போய்வந்தாள். வந்தபோது டெச்சாங் கேட்காமலே நூடுல்ஸ் கிண்டி வைத்திருந்தான். சந்தோஷமாகச் சாப்பிட்டாள்.

பூக்கும் சமயத்தில் வெயில் கொளுத்தியது. வூலின் வயலில் ஒரே நாளில் பூத்த ஆண்பூவெல்லாம் ஒன்றாகக் கருகின. யின்ஹுவாவின் குட்டைச் செடிகளுக்கும் அதே கதிதான். ஆனால் வெயில் தணிந்த பிறகு உயர ரகம் பூத்து, குட்டைச் செடிகளின் கதிர்களுக்கும் மகரந்தம் உதிர்த்தது.

செப்டம்பரில் காற்றடித்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது. மேற்குப் பாதி நிமிர்ந்து நின்றது. கிழக்குப் பாதி மட்டும் கரும்பச்சையாக, அங்கங்கே சாய்ந்து கிடந்தது.

“ஏய்யா, கிழக்கால என்ன பண்ணின?”

டெச்சாங் காலணியைத் துடைக்க ஆரம்பித்தான். “யூரியா ஒரு மூட்டைதான். நீ கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு. மனசு கேக்கல.”

“முழு வயலுக்கும் போட்டிருக்கலாமே?”

“இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு பாதியையும் தனித்தனியாக அறுத்து எடைபோட வைத்தாள். கிழக்கில் சாய்ந்தது போக மேற்கைவிட ஒரு மூட்டை குறைவு. அதுவே வூலினின் வயலில் அதே அளவு நிலத்தில் கிடைத்ததைவிட அதிகம். டெச்சாங் தராசை இன்னொரு முறை சரிபார்த்தான்.

அடுத்த வசந்தத்தில் வூலின் என்னென்ன ரகம், எவ்வளவு உரம் என்று கேட்டுக்கொண்டு வந்தான். டெச்சாங் முந்திக்கொண்டான். “யூரியாவைக் கூட்டாத. நானே பாதி வயல்ல போட்டுச் சோதிச்சுப் பாத்துட்டேன்.”

யின்ஹுவா மறுத்துச் சொல்லவில்லை. மான்தோவ் ரொட்டித் தட்டை வூலின் பக்கம் தள்ளிவிட்டு, எந்த ரகத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மட்டும் தானே சொன்னாள்.