ஆத்தாளுக்கு வைத்த குடம்

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் குடிசைகளில் தாயம்மாவைக் கண்டாலே ஒதுங்குவார்கள். "வாசல்ல ஒரு கொடம் தண்ணி வைங்கடி, பத்திக்கினா இன்னா பண்ணுவீங்கோ?" என்று ஆரம்பித்துவிடுவாள். முன்பு பக்கத்து ஊரான பாடியில் இருந்தபோது குடிசை எரிந்து, ஆறு வயது அஞ்சலையைப் பறிகொடுத்தவள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? ஆனால் அது தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை. லாரித் தண்ணீருக்கு மண்டை உடைந்த காலம். குடிக்கவே இல்லாதபோது, வராத தீக்கு யார் குடம் ஒதுக்குவார்கள்? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பக்கத்துக் குடிசை நாகவல்லி வாயாடி. "வாயக் கழுவு தாயம்மா! சொல்லிச் சொல்லியே பத்த வெச்சிடுவ போலக்கீதே!" என்றாள்.

சரி, பயத்துக்கு மசியாத ஜனம் வேறெதற்கு மசியும்? ஒரு வெள்ளிக்கிழமை, லாரி வரிசையில் நின்றபடியே தாயம்மா ஒரே போடாகப் போட்டாள்: கனவில் பொன்னியம்மன் வந்தாளாம், வெயில் தாங்கவில்லை, வாசலுக்கு ஒரு குடம் வை என்றாளாம். அவ்வளவுதான்! பொழுது சாய்வதற்குள் வாசலுக்கு வாசல் நிறைகுடம், மஞ்சள், வேப்பிலை. சாமி பெயரில் பொய் சொன்னது தாயம்மாவுக்கு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

சித்திரையில் ஒரு நாள், பட்டப்பகலில், நாகவல்லியின் ஸ்டவ் வெடித்துக் கூரை பிடித்துக்கொண்டது. ஆட்கள் தப்பி வெளியே வந்துவிட்டார்கள். காற்றோ அடுத்த கூரைகளைப் பார்த்து வீசியது. ஜனம் என்ன செய்தது தெரியுமா? காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு, வற்றிப்போன கைப்பம்புக்கு ஓடியது! வாசலில் இருந்த குடங்களை ஒருவரும் தொடவில்லை.

தாயம்மா தன் குடத்தைத் தூக்க, நாகவல்லியே பாய்ந்து கையைப் பிடித்தாள். "ஆத்தா தண்ணிடி! சாமிகுத்தம் ஆயிடும்!"

"ஆத்தா கேக்கலடி!" தாயம்மா கத்தினாள். "கனவும் வரல, ஒண்ணும் வரல. நாந்தான் பொய் சொன்னேன். எம்பொண்ணு எரியறப்போ ஒரு சொம்புத் தண்ணி இல்லடி!" கையை உதறிக்கொண்டு குடத்தைக் கூரையில் வீசி ஊற்றினாள். பிறகு எல்லாக் குடங்களும் வந்தன. நாகவல்லியின் கூரை பாதி போயிற்று. மற்ற குடிசைகள் தப்பின.

அன்று தாயம்மாவை யாரும் திட்டவில்லை. ஆனாலும் இனி ஒருத்தியும் குடம் வைக்கமாட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் லாரி வந்ததும் நாகவல்லி முதல் குடத்தைக் கொண்டுவந்து, கரிந்த வாசலில் வைத்து மஞ்சள் பூசினாள்.

"அதான் பொய்யின்னு சொல்ட்டேனே," என்றாள் தாயம்மா.

"ஆத்தாளுக்கு இல்ல தாயம்மா," என்றாள் நாகவல்லி. "அஞ்சலைக்கு வெச்சிகீறேன்."