பட்டி பார்த்த வண்டியும் பல்லைக் காட்டிய நானும்

பழைய கார் வியாபாரம் என்பது, ஓய்ந்துபோன வண்டியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அடுத்தவர் தலையில் கட்டும் தொழில். புனேயில் ஒரு செகண்ட்ஹாண்ட் கார் யார்டில் பத்து வருஷம் அந்தக் குளிப்பாட்டும் வேலையைப் பார்த்தேன். பழைய கார் வாங்கி நொந்தவர்களே, உங்கள் வயிற்றெரிச்சலில் என் பங்கும் உண்டு. திட்டுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெடல் ரப்பர்

முதலாளி சேட் சொன்னால், லட்சம் கிலோமீட்டர் ஓடிய மீட்டர் ஒரே மதியத்தில் முப்பதாயிரத்துக்கு இறங்கிவிடும். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று காட்டிக்கொடுக்குமே! அதற்குப் புது ரப்பர் மாட்டுவது என் பொறுப்பு. ஒருமுறை ரப்பரை மாற்றிவிட்டு, ஆயில் மாற்றியபோது கதவின் உட்புறம் ஒட்டிய சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். அதில் தொண்ணூறாயிரம் என்று எழுதியிருந்தது. வாங்க வந்தவர் புனேயின் கட்கி பகுதியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர். சீட்டைப் படித்தார், மீட்டரைப் பார்த்தார். சேட்டுக்குக் கூச்சமே இல்லை. வெட்கத்தில் செத்தது நான்தான். வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்ப்பா, இந்த வண்டிய இத்தனை நாளும் ரிவர்ஸ்லயேவா ஓட்டினாங்க?"

முன்னால் தள்ளப்பட்டவன்

புனேயின் வாகட் பக்கம் ஐ.டி. ஆட்கள் குடிவந்த பிறகு, தமிழ் முகம் தெரிந்தால் போதும், சேட் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிவிட்டு என்னை முன்னால் தள்ளுவார். அரைகுறை ஹிந்தியில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டி வந்தவர்கள், "வாங்க சார், எந்த ஊரு?" என்று கேட்டதுமே குளிர்ந்துபோவார்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லக்கூட மறந்துவிடுவார்கள். தாய்மொழியை இப்படித் தூண்டிலாக்குகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயின்டர் இஸ்மாயிலிடம் பொருமினேன். அவர் நசுங்கலை மறைக்கும் பட்டியைத் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

"நான் தகரத்து மேல பட்டி பூசறேன். நீ மனுஷன் மேல பூசறே."

வெள்ளைக் கார்

லாரியில் மோதி முன்பாதி நசுங்கி வந்த கார் அது. வேறொரு வண்டியின் முன்பாதியை வெட்டி வைத்து வெல்டிங் அடித்தார்கள். ஒட்டிய தையல் வெளியே தெரியாமல் அடியில் கறுப்பு பெயின்ட் பூசினார்கள். மூன்று நாள் நான் பாலீஷ் போட்டேன். வாங்க வந்தது கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், கூடவே கைக்குழந்தையோடு மனைவி.

"எக்ஸ்பிரஸ்வேல பம்பாய் போயிட்டு வரத் தாங்குங்களா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சேட்டுக்குத் தமிழ் புரியாது. முகத்தில் சிரிப்பு மாறாமல், "இது ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டினது சார். குழந்தைய வச்சுக்கிட்டு இதுல ஏறாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். மறுபடி அழுத்திச் சொன்னேன். அவர் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்தார், சேட்டிடம் சாவியை வாங்கிக்கொண்டார்.

"போங்கண்ணா, வேற ஆருக்கோ பேசி வெச்சுட்டீங்களாட்ட! மொகம் பாத்துத் தலை சீவலாம், அப்புடி மின்னுது, இதப் போயி ஒட்டுனதுங்கறீங்க!"

பத்து வருஷத்தில் அந்த யார்டில் நான் சொன்ன ஒரே உண்மையை, நான் போட்ட பாலீஷே பொய்யாக்கிவிட்டது.