ஏழாம் பாடலில் வந்த மல்லிகை மணம்

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மார்கழி மாதம், விடிந்தும் விடியாத ஆறு மணி. மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாகப் பாலத்தைக் கடந்து, அக்கரையிலுள்ள சிவன் கோயிலுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

பணி ஓய்வு பெற்ற நாள் முதல் இதுவே என் வழக்கம். வண்டியைக் கிளப்பும்போதே ஒரு பதிகத்தைத் தொடங்குவேன். மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் தெருவைத் தாண்டும்போது மூன்றாம் பாடல் நடக்கும். காயற்காற்று முகத்தில் படும்போது ஐந்தாம் பாடல். தோப்பும்படி சிக்னல் ஏழாம் பாடலில் வரும். பத்தும் முடிகையில் கோயில் விளக்குகள் தெரியும். தொடங்கிய பாடலை நடுவில் நிறுத்துவது அபசாரம் என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட நியமம். ஆகவே சிக்னல் சிவப்பாக இருந்தாலும், இந்த வேளையில் யார் வரப்போகிறார்கள் என்று கடந்துவிடுவேன். ஹெல்மெட் அணிந்தால் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அதைக் கண்ணாடித் தண்டில் மாட்டியிருப்பேன்.

அன்று காயலிலிருந்து பனி ஏறி வந்திருந்தது. தெருவிளக்குகள் அதில் கரைந்து, சாலை தரையில் கிடக்கிறதா நீரில் மிதக்கிறதா என்றே புலப்படவில்லை. ஏழாம் பாடலின் இரண்டாம் அடியில் இருந்தேன். திடீரென மல்லிகை மணம். எங்கிருந்தோ காற்றில் வந்த மணம் அன்று. குடத்து நீரைக் கவிழ்த்தாற்போல் என் மேல் இறங்கிய மணம். ஒரு கணம் சக்கரத்தின் கீழே சாலை மெத்தென்று ஆனது. கண்கள் தாமாக மூடின. பாடலை விடாமல், கண்ணீர் வழியப் பாலத்தில் ஏறினேன்.

அந்தச் சனிக்கிழமை பஜனைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கேட்டவர்கள் கைகூப்பினார்கள். ஒருவர் என் காலைத் தொட்டு வணங்கக் குனிந்தார். நான் தடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து, மகள் தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, கேமரா ஃபைன் வந்திருக்கு. ஹெல்மெட் இல்லைன்னு ஒண்ணு, சிவப்புல போனேள்னு ஒண்ணு. படமும் இருக்கு, பாருங்கோ. கண்ணை மூடிண்டா வண்டி ஓட்டினேள்?"

படத்தில் நான் இருந்தேன். முகம் சற்று நிமிர்ந்து, வாய் திறந்து, இமைகள் மூடி. மகள் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு அவள் குரல் தணிந்தது.

"இது யாருப்பா, கீழ விழறது?"

வெள்ளைக் கோடுகளின் மேல் ஒரு பெண் பின்புறமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கை தரையைத் தேடிக்கொண்டிருந்தது. அவளுடைய கூடை கவிழ்ந்து, என் முன்சக்கரத்தின் அடியில் வெண்மையாகப் பரவிக் கிடந்தது மல்லிகை.

மறுநாள் வண்டியை எடுக்கவில்லை. பேருந்தில் போய் அந்த சிக்னலில் இறங்கினேன். ஓரமாக ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். கணுக்காலில் துணிக்கட்டு. "அம்மா, இரண்டு வாரத்துக்கு முன்னால்..." என்று தொடங்கினேன். அவள் நிமிர்ந்தாள்.

"பாடிக்கிட்டே போன சாமியா? அதே குரலு. அன்னிக்கு நான் கத்துன கத்துல சாயாக்கடை சேட்டன் கிளாஸைப் போட்டுட்டு ஓடியாந்தாரு. உங்களுக்கு மட்டும் கேக்கல."

மன்னிப்புக் கேட்டேன். கண்களை மூடியிருந்ததையும் மறைக்கவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன்.

"சுளுக்குத்தான், போயிரும். இன்னும் ஒரு அடி முன்ன வச்சிருந்தா இந்தப் பூவையெல்லாம் எனக்கே போட்டிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, சாமி. நடுவுல கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் படத்தை எடுத்துக் காட்டினேன். கைபேசி கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. அன்று யாரும் கைகூப்பவில்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

இப்போது ஹெல்மெட்டை அணிந்தே பாடுகிறேன். உள்ளே என் குரல், கருவறைச் சுவரில் பட்டுத் திரும்புவதுபோல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஏழாம் பாடலில் சிவப்பு விழுந்தால், பாதி அடி நாவில் இருக்கக் காலைத் தரையில் ஊன்றி நிற்பேன். பனிக்குள்ளிருந்து யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். சில நாள் தலையில் கூடையோடு அவளும் நிதானமாகக் கடந்து போகிறாள். கடைசி ஆள் மறுகரை ஏறும்வரை நீளும் அந்த மௌனத்தையும், பதிகத்தின் ஓர் அடியாகவே இன்று நான் கொள்கிறேன்.