பத்தாவது வாக்கியம்

சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் போர்டில் பெரிதாக 'அகெய்ன் அண்ட் அகெய்ன்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். இதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, அவரவர் வீட்டில் நடப்பதாக இருக்க வேண்டுமாம். டெல்லி கரோல் பாக்கில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. டீச்சருக்கு என் பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். எனக்கு நாற்பத்தாறு. வெட்கப்பட்டால் வேலைக்கு ஆகுமா?

வேலை என்றதும்தான் விஷயத்துக்கு வருகிறேன். மயூர் விஹாரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டிக்கு அடுத்த கேட்டில் ஒரு பல் டாக்டர் அம்மா கிளினிக் வைத்திருக்கிறார். பல்லைக் காட்டப் போன ஒருநாள் அங்கே முன்னால் உட்காருகிற பெண் வரவில்லை. போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கை சும்மா இருக்காதே, எடுத்து ஹிந்தியில் பதில் சொல்லி, பெயரைக் குறித்து வைத்து, வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தேன். டாக்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "நீங்களே வந்துடுங்களேன், ஒன்பதிலிருந்து ஒன்று வரைக்கும்தான். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்குங்க" என்றார். அன்றைக்குத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்.

அவர் மத்திய சர்க்கார் ஆபீசில் செக்ஷன் ஆபீசர். கெட்டவர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் அந்தப் பார்க்கலாம் இருக்கிறதே! காபி கொடுக்கும்போது கேட்டேன், பார்க்கலாம். துணி மடிக்கும்போது கேட்டேன், பார்க்கலாம். மெட்ரோவில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால், அடுத்த ஸ்டேஷன் என்ன என்று எழுந்து பார்க்கிறார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நன்றாகச் சண்டை போட்டு முடித்திருப்பேன். பெண் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டே, "அச்சா, அப்பா எப்பவும் இப்படித்தாம்மா. நீ ஜல்தி போய் ஜாயின் பண்ணு" என்றாள். அவளுக்கு அது சுலபம். எனக்கு அவர் வாயிலிருந்து சரி என்று ஒன்று வர வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே அதில் எரிச்சல்தான்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் டாக்டரிடமிருந்து போன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரவில்லை என்றால் வேறு பெண்ணை வைத்துக்கொள்கிறாராம். பாவம், அவரும் எத்தனை நாள் பொறுப்பார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பால்கனிக்குப் போவேன், கூலரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி அடுக்களைக்கு வருவேன். நடுநடுவே நின்றபடியே ஒரு வாக்கியம். பால் அகெய்ன் அண்ட் அகெய்ன் பொங்கி வழிகிறது. லிஃப்ட் அகெய்ன் அண்ட் அகெய்ன் நின்றுபோகிறது. சொசைட்டிக் காவலாளி அகெய்ன் அண்ட் அகெய்ன் தப்பான வீட்டு மணியை அடிக்கிறார். இப்படி ஒன்பது வந்துவிட்டது. பத்தாவதுக்கு வந்ததும் பேனா தானாக ஓடியது. 'கிளினிக்கில் வேலைக்குச் சேரட்டுமா என்று என் கணவரை அகெய்ன் அண்ட் அகெய்ன் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை, நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் வேலையில் சேருகிறேன்.'

எழுதியதும் நோட்டை எடுத்துக்கொண்டு போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், "ஏங்க, தப்பிருந்தா கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்று நீட்டினேன். வேண்டுமென்றே செய்தாயா என்றால், ஆமாம், வேண்டுமென்றேதான். படித்துவிட்டுக் கோபப்படட்டும், கத்தட்டும், ஏதாவது ஒன்று சொல்லட்டும் என்று எதிரிலேயே நின்றேன்.

எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவர் கை முதலில் பேனாவைத்தான் தேடும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடக் கமா போட்டுத்தான் உள்ளே வைப்பார். மளமளவென்று வேலை நடந்தது. ஒன்பதையும் முடித்துப் பத்தாவதுக்கு வந்தார். 'அகெய்ன் அண்ட் அகெய்ன்' என்பதை அடித்துவிட்டு மேலே 'ரிபீட்டட்லி' என்று எழுதினார். 'வேலையில் சேருகிறேன்' என்பதை 'ரிப்போர்ட் ஃபார் டியூட்டி' ஆக்கினார். கீழே இடது ஓரத்தில் ஆபீசில் போடுகிற அதே சின்னக் கையெழுத்து, அதற்கடியில் தேதி.

"நல்லா இருக்கு. பத்தாவதுதான் கொஞ்சம் நீளம்" என்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்ததா, ஆத்திரம் வந்ததா என்று இன்னமும் தெரியவில்லை. "படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? இத்தனை வருஷ சர்வீஸ்ல படிக்காம ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டதில்ல நான்."

அப்படியா சாமி, சரி என்று வந்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க அந்த நோட்டை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவர் ஆபீசுக்குக் கிளம்பினார். இரண்டு புடவை மாற்றி, முதலில் கட்டியதையே திரும்பக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். லிஃப்ட் வழக்கம்போல நின்றிருந்தது. ஐந்து மாடியும் இறங்கி, ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கிளினிக் வாசலில் இருந்தேன். முதல் போனில் நாக்கு குழறியது. நாலாவது போனில் சரியாகிவிட்டது.

சாயங்காலம் அவர் வந்து சட்டையை மாட்டப் போன ஆணியில் என் அடையாள அட்டை தொங்கியது.

"இது என்ன?"

"கிளினிக்ல குடுத்தாங்க. இன்னைக்குச் சேர்ந்துட்டேன்."

"யாரைக் கேட்டுப் போன?" குரல் ஏறிவிட்டது.

நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். முதலில் கீழே இருந்த கையெழுத்தைத்தான் பார்த்தார். பிறகு மேலே போய் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். இந்தத் தடவை பேனாவைத் தேடவில்லை. முகம் சுருங்கிப்போய்விட்டது. சண்டைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இத்தனை தடவையா கேட்ட?" என்றார்.

"அதை நீங்கதானே உங்க கையால எழுதியிருக்கீங்க" என்றேன்.