ரேடியோ பார்க்கில் சோளக்குருவிகள்

நான் அசடு என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகப்பட்ட ஒரே ஆள் என் மனைவி. அதுவும் கல்யாணமான புதிதில். இவ்வளவு அசடாக ஒருத்தர் இருக்க முடியாது, இவர் எதையோ மறைக்கிறார் என்பது அவள் கணிப்பு.

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் குடியிருந்தோம். ஐப்பசி பிறந்தால், ஆபீஸ் விட்டதும் நேரே பார்க்குக்குப் போய் அண்ணாந்து உட்கார்ந்துவிடுவேன். வடக்கே எங்கிருந்தோ வரும் சோளக்குருவிகள் அங்கே தூங்குமூஞ்சி மரத்தில் ராத்தங்க இறங்கும். ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை. கல்யாண வீட்டில் படுக்க இடம் பிடிப்பவர்கள் மாதிரி ஒரே சண்டை. அதை வேடிக்கை பார்க்க உள்ளூர்ச் சிட்டுக்குருவிகள் சுவரில் வரிசையாக உட்காரும். அந்த வரிசையில் நானும்.

அதே பார்க்கில், ஊராருக்குச் செய்தி போடும் முனிசிபாலிட்டி ரேடியோ அறைக்குப் பின்னால் ஒரு சீட்டாட்டக் கோஷ்டியும் உண்டு.

"குருவி பாக்கறதுக்கா ஒருத்தர் தெனம் பார்க்குக்குப் போவாரு? சீட்டாடறீங்க. ஊத்துக்கோட்டையிலேர்ந்து எங்க நைனாவை வரவழைக்கிறேன்" என்றாள் மனைவி. மாமனார் வந்தால் லேசில் கிளம்ப மாட்டார். "நாளைக்கு நீயே வந்து பாரு" என்றேன்.

ஒரே சிக்கல், ஸ்பீக்கரை அந்த மரத்தில்தான் கட்டியிருந்தார்கள். குருவி இறங்குகிற நேரத்தில்தான் சாயங்காலச் செய்தி அலறும்; குருவிகள் மிரண்டு கலைந்து, வெகுநேரம் கழித்துத்தான் திரும்பும். மறுநாள் ரேடியோ போடுபவரிடம், அன்று மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். சரியென்றார்.

மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். வானம் மூடியிருந்தது. புயல் என்று பேச்சு. செய்தி கேட்க வழக்கத்தைவிடக் கூட்டம்.

"இன்னாபா, ரேடியோ ஊமையா கீது?" என்றார் ஒரு விவசாயி.

ரேடியோக்காரர் என்னைக் கைகாட்டினார். "சார்தான் வேணாம்னாரு."

"ஏன் சார், அறுத்த நெல்லு களத்துல கெடக்குது. புயலு வருதா இல்லியான்னு பேஜாராயிக்கினு கீறோம். ஒனக்கு இன்னா வந்திச்சி?"

"குருவி வரும்..." என்றேன்.

சீட்டாட்டக்காரர்கள்கூட ஆட்டத்தை விட்டு எழுந்து வந்தார்கள். "யாருப்பா இந்தாளு?" என்றார் ஒருவர். நான் நிரபராதி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்நேரம் பார்த்துக் குருவிக்கூட்டம் வந்து மரத்துக்கு மேலே ஒரு வளையம் போட்டது. ஸ்பீக்கர் கரகரத்தது. புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிவிட்டதாம். குருவிகளும் அந்தப் பக்கமே திரும்பின.

"பாத்தியா? சீட்டாடறவனுக்கே என்னைத் தெரியல. இப்பவாவது நம்பறியா?" என்றேன்.

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தபடியே சொன்னாள்:

"நீங்க சீட்டே ஆடியிருக்கலாம்."