தேருக்கு முன்னால் ஒன்ஸ்மோர்

ரெமிஜியஸை நான் முதலில் பார்த்தது வீடு தேடி அலைந்த நாளில். ஓசூருக்கு அப்பால் ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் வம்சத்தில் முதல் ஆளாக பி.ஏ. பாஸ் செய்து, பெங்களூர் கண்டோன்மென்டில் ஆபீஸ் உத்தியோகமும் வாங்கிவிட்டேன். தலை சாய்க்க ஓர் இடம்தான் அகப்படவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை காலி என்றார்கள். போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த வெள்ளை மீசைக்காரர், பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். தட்டு முடிந்து ஊசி கரகரத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என்ன வேணும் தம்பி?"

"ரூம் காலின்னு சொன்னாங்க."

"இருக்கு. பாட்டுச் சத்தம் தாங்குவீங்களா?"

தாங்குவேன் என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி பிரிஜெட் அம்மாளின் குரல் வந்தது: "நல்லா யோசிச்சு சொல்லுப்பா! நான் யோசிக்காம தலையாட்டிட்டு, இன்னும் தாங்கிக்கினு இருக்கிறேன்."

அந்த அறையில் இருந்துகொண்டு, அவரும் அந்த அம்மாளும் மாறிமாறிச் சொல்லக் கேட்டது இது.

ரெமிஜியஸுக்குத் தபாலாபீஸில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலை. ஸ்டாம்பின் மேல் முத்திரை குத்துவதைக்கூடத் தாளம் தப்பாமல்தான் குத்துவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பன் பார்க்கில் பட்டாளத்து பேண்டு வாசித்தால் அங்கே இருப்பார்; மொஹரம் மேளம் கேட்டால் அதன் பின்னால் போய்விடுவார். இது உசத்தி, அது மட்டம் என்கிற பாகுபாடு அவரிடம் இல்லை. காதுக்கு நன்றாக இருந்தால் சரி. எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு இரண்டு இடங்கள். ஒன்று, மாதா கோயிலின் பாட்டுக் கோஷ்டி. பத்து வயதில் அதில் சேர்ந்தவர். மாதா திருநாளன்று தேருக்கு முன்னால் முதல் குரல் அவருடையது. மற்றொன்று, நாடகக் கொட்டகை.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. பங்குக் கோயிலின் பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர். நல்ல மனிதர், தமிழைப் புத்தகத்தில் படித்து, புத்தகம் போலவே பேசுவார். நாடகம் பார்ப்பது ஆத்துமத்துக்குக் கேடு என்று பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார். ரெமிஜியஸ் ஒவ்வொரு நாடகத்தையும் பார்த்துவிட்டு, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் ஒழுங்காகச் சொல்லிவிடுவார். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொல்லி அபராதம் போடுவார். அதையும் டிக்கெட் விலையோடு சேர்த்துக்கொள்வார் இவர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில், தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டது சாமியாரின் காதோடு போயிற்று. வெளியே யாருக்கும் தெரியாது.

திருநாளுக்கு வருஷா வருஷம் புதுப்பாட்டு ஒன்று கட்டுவது வழக்கம். பாட்டைக் கட்டுவார்கள்; மெட்டைக் கட்டமாட்டார்கள். மெட்டு எங்கிருந்தாவது வரும். பழைய கீர்த்தனை மெட்டு, கும்மி மெட்டு, எது கைக்கு வந்ததோ அது. முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் அந்தப் பொறுப்பு ரெமிஜியஸிடம் வந்தது. அப்போதுதான் தெற்கேயிருந்து வந்த கம்பெனி ஒன்று கண்டோன்மென்டையே ஆட்டிவைத்திருந்தது. அந்த நாடகத்தில் ராஜகுமாரி நந்தவனத்தில் நின்று, "தோட்டத்து மல்லிகையே, தூது சொல்வாயோ" என்று பாடுவாள். கொட்டகை முழுக்க "ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். அவள் மறுபடியும் பாடியாக வேண்டும். ரெமிஜியஸும் தொண்டை கட்டும் மட்டும் கத்தியிருக்கிறார். அந்த மெட்டு காதைவிட்டுப் போகவே இல்லை. "வானத்து மல்லிகையே, வாழ்வு தருவாயோ" என்று மாதாவின்மேல் பாட்டைக் கட்டிவிட்டார். இவ்வளவு நல்ல மெட்டு மாதாவுக்கு இல்லாமல் போகலாமா என்பது மட்டும்தான் அவர் நினைப்பு.

பாட்டைக் கேட்ட சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளாய், இது மோட்சத்திலிருந்து வந்த இராகம்" என்றார். பக்கத்தில் நின்ற, பங்கில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஆம்ப்ரோஸ் இருமினார். ஆம்ப்ரோஸ்தான் கோஷ்டிக்குத் தலைவர். மூக்கு வரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு அந்தக் கொட்டகையில் அவர் இருந்ததை ரெமிஜியஸ் பார்த்திருக்கிறார். இருந்தும் உபதேசியார் இருமினாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும்.

திருநாளன்று தேர் மார்க்கெட் முனைக்கு வந்தது. ரெமிஜியஸ் முதல் அடியை எடுத்தார். பேண்டுக்காரர்கள் கல்யாண வீடுகளில் அதே மெட்டைத் தினமும் வாசிக்கிறவர்கள்; கொட்டகையில் வருகிற குழைவு, நெளிவு எல்லாம் சேர்த்து வெளுத்து வாங்கினார்கள். ஜட்காக்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், பூக்காரிகள் என்று முனையில் நின்ற கூட்டம் அத்தனையும் கூடவே பாட ஆரம்பித்தது. பாடியது வானத்து மல்லிகையை அல்ல, தோட்டத்து மல்லிகையை. கோஷ்டியில் கேத்தரின் என்கிற பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததுதான் தாமதம், ஜட்காவின் மேலிருந்து ஒருவன் கத்தினான்:

"ஒன்ஸ்மோர்!"

முனை முழுவதும் "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கூச்சலும் விசிலும் பறந்தன. சாமியார் தேருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இந்தச் சனங்கள் எதற்காகச் சத்தமிடுகிறார்கள்?"

"பக்தி சாமி" என்றார் ஆம்ப்ரோஸ்.

ஆனாலும் மறுநாளே விஷயம் சாமியாரின் பங்களாவுக்குப் போய்விட்டது. கோஷ்டி முழுவதையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"இது எவ்விடத்துப் பாட்டு? அறிந்தவர் சொல்லலாம்."

அறியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. சொன்னவரும் இல்லை. "எனக்குத் தெரியாது சாமி" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆம்ப்ரோஸின் முறை வந்தது.

"கூத்து மெட்டுன்னு வெளியில பேசிக்கிறாங்க சாமி. நமக்கு ஏது அந்தப் பழக்கம்?"

ரெமிஜியஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முன்னால் வந்து, "நாடகத்துல கேட்டது சாமி. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் மாதாவுக்குக் கொண்டாந்தேன்" என்றார்.

அந்தக் குரலை இழக்கச் சாமியாருக்கும் மனமில்லை. கடைசியில், "அந்தப் பாட்டு இனிக் கோயிலில் வேண்டாம். நீ நாடகக் கொட்டகையில் கால் வைப்பதில்லை என்று பலிபீடத்துக்கு முன் சத்தியம் செய். கோஷ்டியில் இரு" என்றார்.

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் கோயில் மாடியில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் அவருடைய இடம் அவருக்கே. ரெமிஜியஸ் தரையைப் பார்த்தார். அன்று காலையில்தான் இன்னொரு கம்பெனி தமுக்கடித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு போயிருந்தது. ஒரு நோட்டீஸ் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"முடியாது சாமி. இன்னிக்குச் சத்தியம் பண்ணா, அடுத்த வாரமே அது பொய்யாயிடும்."

வீட்டுக்கு வந்தபோது பிரிஜெட் அம்மாள் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு வாயை மூடிக்கினு இருந்தீங்க? அந்த மப்ளரைப் பத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவனுக்கு உபதேசியார் வேலைதான் சோறு. எனக்குத் தபாலாபீஸ் இருக்கு."

"சோத்துக்கு இருக்கு. பாட்டுக்கு?"



கோஷ்டியில் அவர் இடம் போயிற்று. அன்றிலிருந்து பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருவார். தலைக்கு மேலே மாடியில் கோஷ்டி பாடும். இவர் வாய் அசையாது. வெளியே அவர் பாட்டை விடவில்லை. சம்பளம் உயர்ந்தபோது கிராமபோன் வாங்கினார். ராமநவமிக் கச்சேரி என்றால் பந்தலுக்கு வெளியே ரோட்டோரம் துண்டை விரித்துக்கொள்வார். பேசும் படம் வந்த பிறகு, பாட்டு வரும் இடத்தில் கொட்டகையில் பேசுகிறவர்களோடு சண்டைக்கே போயிருக்கிறார். "ஏன்யா, உன் குடும்பக் கதையைக் கேக்கவா நான் டிக்கெட் வாங்கினேன்?" செப்டம்பர் பிறந்தால் மட்டும் வீட்டில் கிராமபோன் ஓடாது. திருநாள் தாண்டும் வரை பெட்டியின் மேல் ஒரு துணி கிடக்கும். பிரிஜெட் அம்மாள் அதைத் தொடவும் மாட்டார், பேசவும் மாட்டார்.

தடை கோயிலுக்குத்தான். சந்துகளில் ஜெபமாலை சொல்லும் பெண்கள் வானத்து மல்லிகையை விடவில்லை. தொட்டிலாட்டும்போது பாடினார்கள், மாவாட்டும்போது பாடினார்கள். நாடகக் கம்பெனி எங்கோ போய்க் கலைந்தது. ராஜகுமாரி வேஷம் கட்டியவன் பெயரும் மறந்துபோயிற்று. பிரெஞ்சுச் சாமியார் இறந்து, அவருக்குப் பின் இரண்டு பேர் வந்து போய், கோயமுத்தூர்ப் பக்கத்துச் சாமியார் ஒருவர் வந்தார். ஒருநாள் சாயங்காலம் ஒரு சந்தில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இதைக் கட்டியவர் யார் என்று விசாரித்து, ரெமிஜியஸை வரச்சொல்லி ஆளனுப்பினார்.

"இந்த வருஷம் தேருக்கு இதைப் பாடணும். நீங்களே வந்து எடுத்துக் கொடுக்கணும்" என்றார் புதுச்சாமியார்.

ரெமிஜியஸ் உள்ளதைச் சொன்னார்: "சாமி, இது நாடகப் பாட்டு மெட்டு. அதுக்காக என்னை வெளியே அனுப்பினாங்க. நான் இப்பவும் நாடகம், சினிமா எல்லாம் போறவன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"எந்த நாடகம்?"

ரெமிஜியஸ் இரண்டு அடி பாடிக்காட்டினார். தோட்டத்து மல்லிகை, தூது, எல்லாம். வராந்தாவில் நின்ற கோஷ்டிப் பெண்களில் மௌரீன் என்கிறவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பாருங்க சாமி! மாதா பாட்டுக்கு ஏதேதோ வார்த்தை போட்டு கேலி பண்றாரு!"

சாமியார் சிரித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினார். ஆம்ப்ரோஸுக்கு அப்போது பல் எல்லாம் போயிருந்தது. உபதேசியார் பட்டம் மட்டும் போகவில்லை.

"நீங்க பழைய ஆள். அப்படி ஒரு நாடகம் நடந்ததா?"

"நான் கேள்விப்பட்டதே இல்லை சாமி" என்றார் ஆம்ப்ரோஸ். "இவருக்கு வயசாயிடுச்சு. என்னமோ சொல்றாரு."

வெளியே வந்ததும் ரெமிஜியஸ் அவர் கையைப் பிடித்தார். "ஏனய்யா, சாகப் போற வயசுலயும் பொய்யா?"

"அட, சும்மா வாய்யா. கோஷ்டியில எல்லாம் பொட்டைக் குரலா இருக்கு. ஓர் ஆம்பளைக் குரல் வேணும் எனக்கு. அந்த ராஜகுமாரி மட்டும் அப்ப என்னமா பாடினா, இல்ல?"

அந்த வருஷம் ரெமிஜியஸ் தேருக்கு முன்னால் நின்று முதல் அடியை எடுத்தார். குரல் பாதி உடைந்துவிட்டது. மார்க்கெட் முனையில் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று பிரிஜெட் அம்மாள் சொல்கிறார்.

ரெமிஜியஸ் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு அதே சந்து வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோஷ்டியின் பின்வரிசையில் பாடுகிறார். சாயங்காலம் சினிமாவுக்குப் போகிறார்.